சோதனை வருகிற அந்த நிமிஷத்தில் கர்த்தரைச் சார்ந்துகொள்வது நடைமுறையில் எப்படி?

#1 வயல்வெளி
அனைவருக்கும் ஸ்தோத்திரம். "கர்த்தரைச் சார்ந்துகொள்ளுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்" என்று வாராவாரம் கேட்கிறோம். ஆனால் காலை 6 மணிக்குக் குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்கிற வீட்டில்கூட 8 மணிக்குள் சத்தம் போட்டுவிடுகிறோம். இரவில் "ஐந்து நிமிஷம்" என்று எடுத்த போன் நள்ளிரவு வரை கையைவிட்டு இறங்குவதில்லை. முழங்காலில் நின்றால் மனசு கரண்ட் பில்லுக்கும் ஆபீஸுக்கும் போய்விடுகிறது. பெரிய சோதனைகளை நான் கேட்கவில்லை. தினசரி வருகிற இந்தச் சின்னப் போராட்டங்களில் தேவ ஒத்தாசையைப் பெறுவதற்கு என்ன செய்யவேண்டும், எந்த வரிசையில் செய்யவேண்டும்? "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்திவிடாமல், விவரம் தெரிந்தவர்கள் விவரமாகவே எழுதுங்கள்.

#2 சூரைச்செடி
நல்ல கேள்வி. முதலில் நேரத்தைப் பற்றிப் பேசவேண்டும். நாம் தவறுவது பெரும்பாலும் ஜெபிக்காததால் இல்லை, பிந்தி ஜெபிப்பதால்.

யாக்கோபு 1:14-15ஐ மெதுவாக வாசியுங்கள். "தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்கிறார். அதற்குப் பிறகு இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது. நாலு படிகள். இழுப்பு பாவமல்ல. சிக்குவது என்பது அந்த எண்ணத்தோடு உட்கார்ந்து பேச ஆரம்பிப்பது. "அவள் எப்படி என்னை அப்படிச் சொல்லலாம்" என்று மனசுக்குள் பதில் வசனம் தயாராகிறதே, அந்த இடம். நாம் கர்த்தரைக் கூப்பிடுவது பெரும்பாலும் மூன்றாம் படியில்தான். அதற்குள் ஒரு பாதி மனசு பாவத்தின் பக்கம் போய்விட்டது, "விடுவியும்" என்று வாய் சொன்னாலும் அந்தப் பாதிக்கு விருப்பமில்லை. எபிரெயர் 4:16 "ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபை" என்கிறது. அந்தச் சமயம் முதல் இழுப்பிலேயே வந்துவிடுகிறது, சில விநாடிகள்தான் இருக்கும்.

சில விநாடியில் நீண்ட ஜெபம் முடியாது. அதனால் ஒரு சின்ன ஜெபம் ஆயத்தமாக நாவில் இருக்கவேண்டும். சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." ஏழே சொல். எகிப்து பாலைவனத்துத் துறவிகள் இந்த ஒரே வசனத்தை நாள் முழுதும் சொல்லிவந்தார்கள் என்று 5-ஆம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். பசியிலும், கோபத்திலும், தூக்கம் வராத இரவிலும், எல்லாம் நன்றாக நடக்கும்போது பெருமை தலைதூக்கினாலும் இதே வசனம். இதில் நான் ஆபத்தில் இருக்கிறேன் என்ற ஒப்புதல் இருக்கிறது, அவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்ற விசுவாசம் இருக்கிறது, "தீவிரியும்" என்ற அவசரமும் இருக்கிறது.

பழகும் விதம்: சோதனை வராத நேரத்தில் பழகவேண்டும். வசனத்தைத் தினமும் செய்கிற ஐந்து காரியங்களோடு கட்டிவிடுங்கள். காலையில் கால் தரையில் பட்டதும், அடுப்பைப் பற்றவைக்கும்போது, வண்டிச் சாவியைத் திருப்பும்போது, போன் திரையைத் திறக்கும் முன், விளக்கை அணைத்ததும். மூச்சை உள்ளே இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி. இரண்டு மூன்று வாரத்தில் தேடாமலே நாவுக்கு வர ஆரம்பிக்கும்.

இதில் வரும் கோளாறு, வேகம். எண்ணிக்கைக்காகச் சொன்னால் அது வெறும் சத்தமாகிவிடும். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7 தடுப்பது அதைத்தான். ஒரு தரம் சொன்னாலும் ஒருவரிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

அடுத்து, பெயர் சொல்லுங்கள். "என் பலவீனங்களை மன்னியும்" என்பது எதையும் தொடாத ஜெபம். "ஆண்டவரே, இப்போது மாமியார் சொன்ன வார்த்தைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நாக்கு துடிக்கிறது" என்று சொன்னால் அது உண்மை.

மூன்றாவது, கால்களை நகர்த்துங்கள். 1 கொரிந்தியர் 10:13 சோதனையோடுகூட "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்கிறது. அந்தப் போக்கு அநேகந்தரம் ஒரு வாசல்படிதான். எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான், அங்கே நின்று விளக்கம் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு அதே நாற்காலியில் அதே திரையின் முன் உட்கார்ந்திருந்தால், கேட்ட உதவி வந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

#3 சேனை_ஊழியன்
பிரதர், எல்லாம் சரி, ஆனா பிசாசுக்கு எதிர்த்து நிக்கிறது எங்க போச்சு? யாக்கோபு 4:7 தெளிவா இருக்கு. இயேசுவின் நாமத்துல கடிஞ்சுகொண்டா அவன் ஓடிப்போவான். சுய இச்சை, சுய இச்சைன்னு மட்டும் பேசினா ஜனங்க எதிரியை மறந்துடுவாங்க.

#4 ஒலிவக்கன்று
சேனை அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் 4:7 "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று ஆரம்பிக்கிறது, எதிர்த்து நிற்பது அதற்கு அடுத்தது. வரிசை மாறினால் என்ன ஆகும் என்றால், கோபத்தையும் "கோப ஆவி" என்று கடிந்துகொண்டுவிட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்காமலே படுத்துவிடுவோம். எபேசியர் 4:26-27ல் எரிச்சலோடு சூரியன் அஸ்தமிக்கவிடுவதையும் பிசாசுக்கு இடங்கொடுப்பதையும் பவுல் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இடம் கொடுப்பது நாம். அந்த இடத்தை மீட்டுக்கொண்டு கடிந்துகொண்டால் அதற்குப் பலம் உண்டு.

நம் ஆண்டவர் எதிர்த்து நின்ற விதத்தையும் பாருங்கள். வனாந்தரத்தில் பிசாசு கொண்டுவந்த மூன்று சோதனைக்கும் மூன்று பதில், மூன்றும் உபாகமம் 8ஆம் 6ஆம் அதிகாரங்களிலிருந்து. சத்தம் போடவில்லை, வாதாடவில்லை, அந்தந்தச் சோதனைக்கு ஏற்ற வசனத்தை வைத்தார். பிசாசும் வசனம் சொன்னான் என்பதை மறக்கக்கூடாது. சங்கீதம் 91:11ல் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னான். வாக்குத்தத்த அட்டையில் ஒரு வரியை எடுத்து முன்பின் பார்க்காமல் பிடித்துக்கொள்பவர்களுக்கு இது எச்சரிப்பு. அட்டை வேண்டாம் என்கவில்லை, அந்த முழுச் சங்கீதத்தையும் ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

ஆகவே செய்யவேண்டியது, உங்கள் சோதனைக்கு உங்கள் வசனம். ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் எண்ணம் எந்த வார்த்தையில் வருகிறதோ அதே வார்த்தையில். "கோபம்" என்று எழுதாதீர்கள், "இவங்களுக்கு நான் சொன்னாதான் புரியும்" என்று எழுதுங்கள். வலப்பக்கம் அதற்குப் பதில் வசனம். வாய்க்கு: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" (சங்கீதம் 141:3). கண்ணுக்கு: "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" (101:3). பயத்துக்கு: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (56:3). தங்கை வீடு கட்டிவிட்டாள், நாம் இன்னும் வாடகையில் என்கிற பொறாமைக்கு யோவான் 21:22, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா." மூன்று, அதிகம் போனால் நாலு வரிசை போதும். இருபது எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

இது புது யோசனையும் அல்ல. 399ல் மரித்த எவாகிரியு என்ற எகிப்து துறவி எட்டு வகைக் கெட்ட எண்ணங்களுக்கும் பதில் வசனங்களைத் திரட்டி ஒரு கையேடே எழுதியிருக்கிறார்.

வயல்வெளி சொன்ன காலைச் சத்தத்துக்கு இன்னொன்று. வேன் ஹாரன் அடிக்கிறது, ஒரு சாக்ஸைக் காணோம், தோசை கருகுகிறது, அந்த நேரத்தில் வருகிற கோபத்தில் பாதி நேரப் பற்றாக்குறை. நெகேமியா 4:9ல் "தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் இருக்கிறது. சாக்ஸ், டைரி, தண்ணீர் பாட்டில் மூன்றையும் முந்தின இரவே வாசலருகே எடுத்து வைப்பது உங்கள் ஜாமக்காரன். அதை விசுவாசக் குறைவு என்று நினைக்கவேண்டாம்.

#5 சேனை_ஊழியன்
"வரிசை" பத்தி சொன்னது சரிதான் சிஸ்டர். ஏத்துக்கறேன். மன்னிப்பு கேட்டுட்டு கடிஞ்சுகொள்ளணும்.

#6 முத்துக்குளித்துறை
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். மேலே சொன்ன சங்கீதம் 70:1தான் குருக்களும் கன்னியரும் ஓதும் திருப்புகழ்மாலையின் தொடக்க வேண்டல். ஒவ்வொரு நாளும் பலமுறை சொல்லப்படுவது. ஆக நீங்கள் அடுப்படியில் சொன்னாலும் உலகெங்கும் பலர் உங்களோடு சேர்ந்து சொல்கிறார்கள்.

அந்த நிமிஷத்துக்கு ஆயத்தம் சொன்னீர்கள். நான் இரவைப் பற்றிச் சொல்கிறேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம ஆய்வு ஐந்து படி கொண்டது. 1542ல் எங்கள் கடற்கரைக்கு வந்த சவேரியார் அவருடைய தோழர்தான். 10 முதல் 15 நிமிஷம் போதும்.

நன்றியிலிருந்து தொடங்குங்கள். இன்று கிடைத்த இரண்டு மூன்று காரியம், பெயரோடு. மழைக்கு முன் துணி எடுத்தது, ஒரு பழைய தோழி பேசியது. பிறகு ஒளி கேட்பது: "நான் பார்க்கிறபடி இல்லாமல் நீர் பார்க்கிறபடி இந்த நாளைக் காட்டும்." மூன்றாவது, காலையிலிருந்து மணிக்கணக்காக நடந்து வருவது. எழுந்தது, சமையல், பயணம், வேலை, மதியம், மாலை. எங்கே இழுப்பு வந்தது, எங்கே உதவி வந்தது. நான்காவது மன்னிப்பு. ஐந்தாவது நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம், உதவி கேட்டு. "நாளை நல்லவனாக இருப்பேன்" வேண்டாம். "நாளை 11 மணிக் கூட்டத்தில் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமலிருக்க வரம் தாரும்."

இதில் எல்லோரும் தடுமாறுவது, நன்றியையும் ஒளியையும் தாண்டி நேரே குற்றப்பட்டியலுக்குப் போவது. அப்போது அது தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் நேரமாகிறது, நாலாம் நாள் விட்டுவிடுவோம். இரண்டாவது, படுத்துக்கொண்டு செய்வது. மூன்றாம் படிக்கு முன் தூங்கிவிடுவீர்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

தொடர்ந்து செய்தால் ஒரு மாதத்தில் வடிவம் தெரியும். சோதனை எந்நேரமும் வருவதில்லை, உங்கள் நேரம் என்று ஒன்று இருக்கும். சிலருக்கு மாலை 6 மணி, பசி. சிலருக்கு எல்லோரும் தூங்கினபின் வருகிற தனிமை. நேரம் தெரிந்தால் ஐந்து நிமிஷம் முன்பே கேட்கலாம். நம் வீட்டில் எந்தக் கதவு தாழ்ப்பாள் இல்லாதது என்று தெரிந்துகொள்வது மாதிரி.

இஞ்ஞாசியாரின் இன்னும் இரண்டு விதிகள் இங்கே பொருந்தும். ஜெபம் வறண்டு கிடக்கும் நாளில், நல்ல மனநிலையில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. அப்படிப்பட்ட நாளில் குறித்த நேரத்துக்குச் சற்று மேலேயே ஜெபத்தில் இரு. நாம் செய்வது நேர் எதிர், வறண்டால் சீக்கிரம் எழுந்துவிடுகிறோம்.

#7 வயல்வெளி
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, ஜெபத்தில் அலையும் மனசு. இரண்டு, விழுந்தபின். காலை 8 மணிக்குச் சத்தம் போட்டாகிவிட்டது. அதற்குப் பின் நாள் முழுதும் ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறதே, "எந்த முகத்தோடு போவது" என்று.

#8 சூரைச்செடி
இரண்டாவதுதான் முக்கியம், அதிலிருந்து வருகிறேன்.

அந்தக் கூச்சம் பரிசுத்தம்போலத் தோன்றும், ஆனால் அதன் விளைவு தேவனைவிட்டுத் தள்ளி நிற்பது. 2 கொரிந்தியர் 7:10 இரண்டு துக்கத்தைச் சொல்கிறது. தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது. பிரித்தறிய எளிய வழி, அந்தத் துக்கம் உங்களை எந்தப் பக்கம் நடக்கவைக்கிறது என்று பாருங்கள். ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் அழுதான், காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான். பேதுரு படகிலிருந்து கடலில் குதித்து ஆண்டவரிடம் வந்தான்.

8:00க்கு விழுந்தால் 8:05க்குத் திரும்புங்கள். "இன்று நாள் போயிற்று, நாளைக் காலை புதிதாகத் தொடங்கலாம்" என்பதில்தான் பெரிய சேதம். ஒரு விழுகை ஐந்தாகிறது அங்கேதான். திரும்ப மூன்று காரியம். 1 யோவான் 1:9ஐப் பிடித்துக்கொண்டு செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். காயப்பட்டவரிடம் போய் "நான் கத்தினது தப்பு" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்..." என்று சேர்த்தீர்களானால் அது மன்னிப்புக் கேட்டதாகாது. பிள்ளையிடமும் கேளுங்கள், ஸ்கூல் வேன் போய்விட்டால் மாலையில் வந்ததும். பிறகு நிறுத்தின வேலையைத் தொடருங்கள். மணிக்கணக்காக உங்களைத் தண்டித்துக்கொள்வது சிலுவையோடு எதையோ கூட்டுகிற முயற்சி.

மீகா 7:8ஐ மனப்பாடம் பண்ணுங்கள்: "நான் விழுந்தாலும் எழுந்திருப்பேன், நான் இருளிலே உட்கார்ந்தால், கர்த்தர் எனக்கு வெளிச்சமாயிருப்பார்." இதை விழுவதற்கு முன்பே படித்து வைக்கவேண்டும். விழுந்தபின் வேதாகமத்தைத் திறக்கக் கை வராது.

அலைபாயும் மனசுக்கு: பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். கரண்ட் பில் நினைவு வந்தால் "பில்" என்று எழுதிவிட்டுத் திரும்புங்கள். அதே விஷயம் மூன்றாம் முறை வந்தால் எழுதுவதை விட்டுவிட்டு அதையே ஜெபமாக்குங்கள், உங்கள் பாரம் அங்கேதான் இருக்கிறது. உதடு அசைய வாய்விட்டு ஜெபியுங்கள். மனதுக்குள் மட்டும் என்றால் நழுவுவது சுலபம். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை வரிவரியாக வாசித்து, வரிக்கு ஒரு வாக்கியம் பதில் சொல்லுங்கள். பத்து முறை அலைந்து பத்து முறை திரும்பினால், பத்து முறை அவரிடம் திரும்பியிருக்கிறீர்கள். ஒன்றுமே வராவிட்டால் ரோமர் 8:26 இருக்கிறது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார்.

சின்ன ஜெபம் மட்டும் போதுமா என்று யாராவது கேட்பீர்கள். நெகேமியா 2:4ல் நெகேமியா ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே ஜெபித்தான், ஒரு மூச்சு நேரம். ஆனால் முதல் அதிகாரத்தில் கிஸ்லேயு மாதம், இரண்டாம் அதிகாரத்தில் நிசான் மாதம். நடுவே ஏறக்குறைய நாலு மாதம். உபவாசத்தோடும் அழுகையோடும் தொடங்கிய ஜெபத்தின்மேல்தான் அந்த ஒரு மூச்சு நின்றது. அதனால் காலையின் 15 நிமிஷத்தை விடாதீர்கள். அதே சமயம் அதை நாள் முழுவதற்குமான இருப்பு என்றும் எண்ணாதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வானத்து அப்பமான மன்னாவை விடியற்காலந்தோறும் தலைக்கு ஒரு ஓமர் அளவுதான் பொறுக்கினார்கள், மறுநாளைக்கு வைத்தது புழுப் பிடித்து நாறியது. காலை ஜெபம் நன்றாக இருந்த நாளில்தான் அநேகர் பத்து மணிக்கு விழுகிறார்கள், காலையில் வாங்கியதே போதும் என்ற தைரியம்.

#9 வெள்ளை_அங்கி
மருத்துவமனைப் பணியில் இருப்பவள் என்ற முறையில் ஒரு எச்சரிப்பு, தயவுசெய்து கவனியுங்கள்.

1 இராஜாக்கள் 19ல் எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொல்லி, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சு பிறகுதான். நாலு மணி நேரத் தூக்கத்தில் பொறுமை வரவில்லை என்று உபவாசத்தைக் கூட்டுவது தவறான மருந்து. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை விடக்கூடாது. அவர்கள் போனையோ சீரியலையோ உபவாசிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டது, செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் என்றால் அதை "விசுவாசக் குறைவு" என்று யாரும் சொல்லவேண்டாம். மருத்துவரிடம் போகவேண்டும். அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்) 14416, இலவசம், தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவரைத் தனியே விடாதீர்கள்.

அதேபோல ஒரே பாவத்தை நாளைக்கு இருபது முறை அறிக்கையிட்டும் மன்னிப்பு நிச்சயம் வராமல் மறுபடி மறுபடி ஜெபிப்பவர்கள், தேவதூஷணமான எண்ணங்கள் தாமாக வந்து பயப்படுபவர்கள் உண்டு. அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம், சிகிச்சை உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன இரவு ஆய்வு நோயைக் கூட்டிவிடும். மருத்துவரையும் போதகரையும் கலந்து பேசும்வரை அதை நிறுத்திவைக்கட்டும்.

#10 முத்துக்குளித்துறை
சிஸ்டர் சொன்னது மிகவும் சரி. நான் அதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே குருவானவரிடம் மட்டும் போய், அவர் "இதைத் திரும்ப அறிக்கையிட வேண்டாம்" என்றால் கீழ்ப்படிவது என்பது சபையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஆலோசனை.

#11 திராட்சைச்செடி
யாக்கோபு 5:16 "ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறதே, அதை எப்படிச் செய்வது? சபையில் சொன்னால் மறுநாள் தெருவுக்கே தெரியும்.

#12 ஒலிவக்கன்று
பயம் நியாயமானது தம்பி. அதனால் ஒரே ஒருவர் போதும். உங்கள் பாலினத்தவர், உங்கள்கீழ் வேலை செய்பவரோ உங்களுக்குக் கடன் கொடுத்தவரோ அல்ல, பிறர் ரகசியத்தை உங்களிடம் இதுவரை சொல்லாதவர். இந்தக் கடைசிதான் சோதித்துப் பார்க்கச் சுலபமான அடையாளம். வாரம் ஒருதரம், 20 நிமிஷம், நேரிலோ போனிலோ. வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், எழுத்தில் எதுவும் வேண்டாம். மூன்று கேள்வி: இந்த வாரம் எங்கே இழுக்கப்பட்டாய், அந்த நிமிஷத்தில் கேட்டாயா, இப்போது என்ன ஜெபிக்கவேண்டும். ஆலோசனை அல்ல, கடைசியில் ஜெபம். அவரும் பதில் சொல்லவேண்டும். ஒருவர் மட்டும் அறிக்கையிட்டு மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

இரவு போனுக்கு நான் கண்ட ஒரே பலனுள்ள வழியையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே, கூடத்தில் வையுங்கள். அலாரத்துக்கு ஒரு மேஜைக் கடிகாரம் வாங்குங்கள். வேதாகமம் போனில்தான் வாசிப்பேன் என்றால் படுக்கை நேரத்துக்கு மட்டும் அச்சுப் பிரதிக்கு மாறுங்கள்.

#13 வயல்வெளி
எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கக்கூடாது என்று புரிகிறது. எதை முதலில்?

#14 சூரைச்செடி
முதல் மூன்று வாரம் சங்கீதம் 70:1 மட்டும், ஐந்து இடத்தில். அதன்பின் இரவு ஆய்வு. நோட்டில் கோடு போடுவது அதற்கும் பிறகு, ஏனென்றால் உங்கள் எண்ணம் எந்த வார்த்தையில் வருகிறது என்று ஆய்வுதான் காட்டும்.

வசனத்தை அரை போஸ்ட்கார்டு அளவு அட்டையில் எழுதி ஒட்டுங்கள், தடித்த பேனாவால், கையாலேயே. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இரண்டு வாரத்தில் எழுத்து மங்கிவிடும். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் உள்ள சுவர் நல்ல இடம், ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது அங்கே கை போகும். கண் பழகி அட்டை தெரியாமல் போகும்போது இடத்தை மாற்றிவிடுங்கள்.